துளையிட்ட வெள்ளி, துலக்கிய செம்பு

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து சேகரிப்பாளர் கைக்கு வரும் பழைய காசுகளில் பழுதில்லாதவை மிகக் குறைவு. துளை போட்டவை, கொக்கி வைத்துப் பற்றவைத்தவை, மண்ணுக்குள் கிடந்து அரித்தவை, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கியவை என்று ஏதாவதொரு குறை இருக்கும். இவற்றை வாங்கலாமா என்று கேட்டால், அனுபவமுள்ள பலர் 'குறையுள்ள காசைத் தொடவே வேண்டாம்' என்பார்கள். பாதுகாப்பான அறிவுரைதான், ஆனால் தோட்டத்துக் காசுகளுக்கு அது போதாது. தாலிக்கயிற்றில் கோக்கப்பட்டதால் வந்த துளையும், நேற்று யாரோ விற்பனைக்காகப் பிராசோ போட்டுத் தேய்த்ததால் வந்த மினுமினுப்பும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடியவை அல்ல. காசு எந்த வழியில் பழுதானது என்று தெரிந்த பிறகே அதை வாங்குவதா, என்ன விலைக்கு வாங்குவது என்று தீர்மானிக்க முடியும்.

இப்பகுதியில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு நீரிணைக் குடியேற்றங்களின் காசுகள். நெகிரி செம்பிலான் 1896இல் மலாய் ஐக்கிய மாநிலங்களில் ஒன்றாயிற்று. தனக்கென்று காசு அடித்துக்கொள்ளாமல், நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் புழங்கிய காசையே அதுவும் புழங்கியது. கால் சென், அரை சென், ஒரு சென் ஆகியவை செம்பில் வந்தன. 1871 முதல் 5, 10, 20 சென் காசுகளும், 1886 முதல் 50 சென் காசும் வெள்ளியில் அடிக்கப்பட்டன. ஒரு டாலர் காசு 1903இல்தான் வந்தது. அதற்கு முன்பு பெரிய தொகைக்கு மெக்சிகோ டாலரும், 1895 முதல் பிரிட்டிஷ் வணிக டாலரும் கைமாறின. வணிக டாலரின் ஒரு பக்கத்தில் திரிசூலமும் கேடயமும் ஏந்திய பிரிட்டானியா நிற்பாள். மறுபக்கத்தில் 'ஒரு டாலர்' என்பது சீனத்திலும் ஜாவியிலும் இருக்கும்.

1919இல் ஒரு சென் காசு சதுரமாகியது. மூலைகள் மழுங்கிய இந்தச் சதுரக் காசு 1939 முதல் மலாயா பெயரிலும், 1956 முதல் மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ பெயரிலும் 1961 வரை தொடர்ந்து, 1962இல் வட்டமானது. மலேசியாவின் சொந்தக் காசு 1967இல் வந்தது. தோட்டத்துத் தகர டப்பாக்களில் அதிகம் இருப்பது இந்தச் சதுரச் செம்புதான்.

லின்சம், லாபு, சிலியாவ், சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்த காலமும் இந்தக் காசுகளின் காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது அதன் பிறகும் நடந்து, 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு நின்றது. அந்த ஆண்டுகளில் சம்பளமாகக் கைக்கு வந்தது ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளிக் காசு. 1920களின் இறுதியில் எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளின் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்று கூலி வரையறுக்கப்பட்டது. ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் அது 40, 32 என்று குறைக்கப்பட்டது. ஆக, குறைப்புக்கு முந்தைய கூலியிலேயே ஒரு டாலர் காசு என்பது பால்மரம் வெட்டும் ஒருவரின் இரண்டு நாள் உழைப்பு, பெண்ணானால் இரண்டரை நாள். அதைத் துளைபோட்டுப் பிள்ளையின் இடுப்பில் கட்டியவர் காசைக் கெடுத்தார் என்று சொல்ல மனம் வராது. தன் சேமிப்பை வைக்க அவருக்குத் தெரிந்த மிகப் பத்திரமான இடத்தில் அவர் வைத்தார்.

துளைகள் வந்த வழி அதுதான். குழந்தையின் அரைஞாண் கயிற்றிலும் கழுத்துக் கறுப்புக் கயிற்றிலும் வெள்ளிக் காசு கோத்துக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்தது. கொஞ்சம் வசதி வந்தபோது ஆசாரியிடம் கொடுத்துக் காசின் தலையில் கொக்கி வைத்துப் பொடி ஊதிப் பற்றவைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் இதற்கு எடுத்தது 20 சென், 50 சென், ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய வெள்ளி ரூபாய் ஆகியவை. பழைய ரூபாயின் எடை 11.66 கிராம், தரம் 91.7 விழுக்காடு, தட்டார்கள் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். பொன்னில் என்றால் பிரிட்டிஷ் சவரன். 7.98 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்ட அந்தக் காசின் எடையைத்தான் தமிழர்கள் இன்றும் எட்டு கிராம் பவுன் என்று கணக்கிடுகிறார்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் இதே காசுகளை ஊக்காகவும் பொத்தானாகவும் இடுப்புப் பட்டையாகவும் அணிந்தார்கள். அதனால் துளையையும் கொக்கியையும் வைத்து மட்டும் இது தமிழர் வீட்டுக் காசு என்று சொல்லிவிட முடியாது. விற்பவர் சொன்னாலும் நம்பத் தேவையில்லை.

இன்னொரு வகைப் பழுது மஞ்சள் துணியால் வந்தது. நோய்நொடி வந்தால் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஒரு காசை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். நேர்த்திக்கடன் தீராமல் பல முடிச்சுகள் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. ஈரமும் மஞ்சளும் துணிநூலும் பட்டுக் காசின் மேல் துணியின் இழைத்தடம் அச்சாகப் பதிந்திருக்கும். புதைத்ததால் வந்த பழுதும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் (1942-1945) அவர்கள் வெளியிட்ட வாழைமர நோட்டு புழங்கியபோது வெள்ளிக் காசுகள் சந்தையிலிருந்து மறைந்து மண்ணுக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் போயின. போர் முடிந்ததும் வாழைமர நோட்டு வெறும் காகிதமானது, புதைத்த காசு காசாகவே இருந்தது. ஆனால் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணும் மழையும் சும்மா விடவில்லை. அப்படி வெளிவந்த காசுகளில் கறுப்பும் குழிவும் சொரசொரப்பும் உண்டு.

இனி துலக்கல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் வீட்டிலுள்ள பித்தளை, செம்பு எல்லாவற்றையும் புளியும் உப்பும் சாம்பலும் போட்டுத் துலக்குவது தமிழர் வீட்டு வழக்கம். குத்துவிளக்கோடு சாமி மாடத்துக் காசும் சேர்ந்து துலங்கியது. பக்தியாலும் சுத்தத்தாலும் செய்த வேலை அது. ஆனால் காசுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஒரு விளக்குக்கு மேற்பரப்பில் படிக்கவேண்டிய செய்தி எதுவும் இல்லை. காசுக்கு அதன் மேற்பரப்புதான் எல்லாம்.

காரணம் காசு அடிக்கப்படும் முறையிலேயே இருக்கிறது. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் உலோக வில்லை பல டன் அழுத்தத்தில் நசுங்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுச்செல்கிறது. புதுக்காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சுழல்வது போலத் தெரிவது இந்தக் கோடுகளால்தான். சாம்பலும் செங்கல்பொடியும் அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்களைப் போடுகின்றன. அதன் பிறகும் காசு மினுங்கும், ஆனால் அது வேறு மினுக்கம். ஒளி சுழலாது, கண்ணாடித் துண்டு போல ஒரே சமமாகத் திருப்பியடிக்கும். அழிந்த கோடுகளை எந்தக் கலைஞராலும் திரும்ப வரைய முடியாது.

தேய்க்காமல் அமிலத்தில் முக்கி எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். நகைக் கடைகளில் விற்கும் வெள்ளி முக்குநீரில் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். கறுப்பாகப் படிந்த வெள்ளி சல்பைடை அது கரைத்துவிடும். அந்தச் சல்பைடு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் சொந்த வெள்ளியே காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உருவான தோல் அது. அதைக் கரைப்பது காசையே ஒரு மெல்லிய அடுக்கு கரைப்பதாகும். ஒருமுறை முக்கினால் சிலசமயம் பெரிதாகத் தெரியாது. நாலு முறை முக்கிய காசு சுண்ணாம்பு வெள்ளையாக, உயிரில்லாமல் இருக்கும்.

செம்பு இன்னும் எளிதில் கெடும். நல்ல செம்புக் காசின் பழுப்பு நிறம் ஒரு காப்புத் தோல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்து, அடியிலுள்ள வெளிறிய இளஞ்சிவப்பை வெளியே கொண்டுவருகிறது. புதுக்காசின் செந்நிறத்துக்கும் இந்த இளஞ்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஓரிரு முறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மறக்கமாட்டார். கூடப் போட்ட உப்பு இன்னொரு தொல்லையைத் தருகிறது. குளோரைடு செம்புக்குள் தங்கிவிட்டால், காற்றின் ஈரம் பட்டுப் பட்டு வெளிர்பச்சைப் பொடியாகப் பொங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தொடங்கினால் உலோகத்தை உள்ளே தின்றுகொண்டே போகும் நோய் இது. ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிறைந்த நாட்டில், அதிலும் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கத்தில், பச்சைப்பொடி பூத்த காசை மற்றக் காசுகளோடு ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது. பச்சை எல்லாம் நோயல்ல. உறுதியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் பழங்களிம்பு காசை ஒன்றும் செய்யாது. ஊசிமுனை பட்டால் உதிரும் பொடிதான் ஆபத்து.

சந்தையில் விலை விழுவது இதனால்தான். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 1980களில் தொடங்கப்பட்டவை. 70 புள்ளி அளவுகோலில் காசைத் தரம் பிரித்து நெகிழிப் பெட்டிக்குள் அடைத்துத் தரும். துலக்கிய, துளைத்த, பற்றவைத்த காசுக்குப் புள்ளி கிடைக்காது. 'டீட்டெய்ல்ஸ்' என்ற சொல்லும் குறையின் பெயரும் மட்டுமே சீட்டில் இருக்கும். அப்படிச் சீட்டு வாங்கிய காசு, அதே தேய்வுள்ள பழுதற்ற காசின் விலையில் ஒரு பங்குக்குத்தான் போகும். மலேசியச் சேகரிப்பாளர்கள் சரண் சிங் 1986இல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் எண்களைச் சொல்லிக் காசுகளை அடையாளப்படுத்துவது வழக்கம். அதுபோன்ற பட்டியல் நூல்களில் போட்டிருக்கும் விலை பழுதற்ற காசுக்கு உரியது. துலக்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விலையைக் காட்டிப் பேரம் பேசுபவரிடம் வாங்க வேண்டாம்.

எல்லாப் பழுதும் விலையைக் கெடுப்பதில்லை. மெக்சிகோ டாலரிலும் வணிக டாலரிலும் சீன எழுத்து முத்திரைகள் குத்தியிருப்பதைக் காணலாம். காசின் வெள்ளி நல்லதா என்று சோதித்துப் பார்த்த சீன வணிகர்களும் காசாளர்களும் தங்கள் உத்தரவாதமாகக் குத்தியவை அவை. உலோகத்தை உளியால் குத்தியதுதான், ஆனால் அந்தக் காசு கைமாறிய கடைகளின் சாட்சியமும் அதில் இருக்கிறது. முத்திரை குத்திய டாலர்களை மட்டுமே தேடிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக என்றும், வேற்று மன்னனின் அதிகாரத்தை மறுப்பதற்காக என்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த வெட்டு இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ரோமானியக் காசு தமிழகத்துக்கு வந்தது பல புதையல்களால் தெரியும். வந்த காசை இங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது கருக்காக்குறிச்சி வெட்டுகளால்தான் தெரிகிறது.

தோட்டத்துத் துளைக்காசை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். துளையின் உள்விளிம்பு கயிறு உரசி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது நெடுநாள் அணியப்பட்டது. துளைக்கு நேர் எதிர்ப்பக்கமும் முகமும் உடம்பிலும் துணியிலும் உரசி மழுங்கியிருக்கும். அரசர் தலை நேராகத் தொங்கும்படி துளையிட்டார்களா, தொகை எழுதிய பக்கம் தெரியும்படி இட்டார்களா என்பதைக் கூடக் கவனிக்கலாம். இப்படிப்பட்ட காசை, துளைக்காசு என்று சொல்லி, துளைக்காசின் விலைக்கு விற்றால் தயங்காமல் வாங்கலாம். பழுதற்ற காசுக்குப் பதிலாக அல்ல, அது சொல்லும் வாழ்க்கைக்காக வாங்க வேண்டும். பிற்பாடு பெரிய விலைக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். துளை கூர்மையாக, உள்ளே புது உலோகம் பளிச்சென்று தெரிய இருந்தால் அது அண்மையில் போட்டது. அதற்கு உலோக விலைக்கு மேல் ஒரு காசும் கூடாது.

உலோக விலை என்றால் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வரிசையில் அது வெளியான ஆண்டைப் பொறுத்து மாறுகிறது. 1903, 1904 டாலர் 26.95 கிராம் எடை, 90 விழுக்காடு வெள்ளி. உள்ளே 24 கிராமுக்குச் சற்று மேல் தூய வெள்ளி. 1906இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைப்படுத்திய அதே வேளையில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. காசை உருக்கினால் ஆதாயம் என்ற நிலை வந்துவிடும் என்று பயந்து 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். தரம் மாறவில்லை, தூய வெள்ளி 18 கிராம். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி இன்னும் ஏறியதால் 1919 முதல் டாலர் 16.85 கிராம், தரம் 50 விழுக்காடு மட்டுமே. அதில் இருப்பது எட்டரை கிராமுக்கும் குறைவு. அதே காலத்து 20 சென் 40 விழுக்காடு வரை இறங்கியது. பார்வைக்கு எல்லாமே வெள்ளிக் காசுதான். தரம் குறைந்த காசுகளில் துலக்கலின் கேடு இன்னும் அசிங்கமாகத் தெரியும். மேல்தோல் தேய்ந்ததும் அடியிலுள்ள கலப்பு மஞ்சளாகவும் சிவப்பாகவும் தலைகாட்டிவிடும்.

கொக்கி கழற்றிய சவரனைப் பொறுத்தவரை பெரும்பாலும் கணக்கு எளிது: பொன்னின் விலை, பற்றுப்பொடிக்குச் சிறு கழிவு. வெள்ளிக் காசுகளில் அரிய ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு. 1925 டாலர் மிக அரியது. அதன் பழுதற்ற பிரதி பெரும்பாலான சேகரிப்பாளர்களுக்கு வாழ்நாளில் எட்டாது, ஆகவே துலக்கியதோ பற்றவைத்ததோ கிடைத்தால் கூட உண்மைதானா என்று நிபுணரிடம் உறுதிசெய்துகொண்டு வாங்குவது நியாயம். மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கும் 1950களின் 10 சென், 20 சென் காசுகளுக்கும், 1967க்குப் பிந்தைய மலேசியக் காசுகளுக்கும் இந்தச் சலுகை தேவையில்லை. கொஞ்சம் பொறுத்தால் நல்ல பிரதியே கிடைக்கும்.

மலேசியக் காசுகளில் அண்மைக் காலத்தில் ஒரு தனிக் கேடு பரவியிருக்கிறது. சாலையில் நசுங்கிய, சலவை இயந்திரத்துக்குள் சுழன்று விளிம்பு மடங்கிய, சுத்தியல் பட்ட 20 சென், 50 சென் காசுகளைப் 'பிழைக் காசு' என்று பெயரிட்டு இணையத்தில் பெரும் விலை கேட்கிறார்கள். பிழை என்பது அச்சகத்துக்குள் நடந்தது: அச்சு விலகியது, வில்லை வெட்டுப்பட்டது, இரண்டுமுறை அடிபட்டது. அப்படிப்பட்ட காசில் உலோகம் ஓடிய விதம் அச்சோடு பொருந்தும். வெளியே வந்தபின் பட்ட அடியில் எழுத்துகள் நசுங்கியிருக்கும், உலோகம் ஒருபக்கம் தள்ளப்பட்டிருக்கும். வெளியே அடிபட்ட காசின் மதிப்பு அதன் முகமதிப்புதான். இளைஞர்கள் பலர் இதில் பணத்தை இழந்து, காசு சேகரிப்பையே வெறுத்து விலகிப்போகிறார்கள் என்பதுதான் வேதனை.

துலக்கியதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் ஒரே ஒரு மேசை விளக்கும் போதும். குழல்விளக்கின் பரந்த ஒளி கீறல்களை மறைத்துவிடும், ஆகவே கடையில் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும். காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்பும்போது ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் வெறுந்தளத்தையும் அரசர் கன்னத்தையும் சேர்த்துக் கடந்து சென்றால் துணியோ தூரிகையோ பட்டிருக்கிறது. இயல்பாகப் புழங்கிய காசில் கீறல்கள் பல திசையிலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு அழுக்கு அப்படியே இருக்க, தளம் மட்டும் வெள்ளையாக இருந்தாலும் துலக்கியதுதான். நன்றாகத் தேய்ந்து மழுங்கிய காசு புதுக்காசு போல மின்னினால் எதையும் ஆராயவே வேண்டாம். எண்பது ஆண்டு கைபட்ட காசுக்கு அந்த மினுக்கம் இருக்க வழியில்லை.

கொக்கி எடுத்த இடம் பெரும்பாலும் தலைக்கு மேலே, விளிம்பில் இருக்கும். அங்கே ஓரப் பற்கள் அடைபட்டோ அரத்தால் தேய்த்தோ இருக்கும், பக்கத்தில் சற்று வேறு நிறம் தெரியும். துளையை அடைத்து மேலே எழுத்தைச் செதுக்கிவிடும் கைதேர்ந்தவர்களும் உண்டு. அடைத்த துளையைச் சொல்லாமல் விற்பது, துளையைத் திறந்து காட்டி விற்பதைவிடப் பல மடங்கு மோசம். எடை பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல் சோதனை. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு இப்போது எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. 1903 டாலரும் வணிக டாலரும் போலியாக ஏராளமாக வருகின்றன. போலி செய்பவர்கள் வேண்டுமென்றே அதைத் தேய்த்து, கறுப்பேற்றி, சிலசமயம் துளையும் போட்டுப் பழமை கூட்டுவதுண்டு. குறையுள்ள காசு என்பதால் யாரும் உற்றுப்பார்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. எடை அரைக் கிராம் விலகினாலோ, காந்தம் இழுத்தாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வது எப்போதுமே தவறா என்றால், இல்லை. தமிழ்நாட்டின் ஆற்றுப்படுகைகளில் கிடைக்கும் சங்க காலச் செம்புக் காசுகள் மண்கட்டி போலவே வெளிவருகின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்திய பெருவழுதி காசு, தமிழ்-பிராமியில் பாண்டியன் பெயரைத் தாங்கி, சங்க காலப் பாண்டியர் காசு வெளியிட்டதற்குச் சான்றானது. இவ்வகைக் காசுகளின் மேல் படிந்ததை நீக்கினால்தான் எழுத்தைப் படிக்க முடியும். மேற்பரப்பின் புதுமினுக்கம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே போய்விட்டது, காப்பாற்ற வேண்டியது எழுத்து. அந்த வேலையையும் பழகிய கைகள்தான் செய்ய வேண்டும். நூறாண்டுக் காசுக்கு இந்த நியாயம் பொருந்தாது.

தோட்டத்துக் காசில் அனுமதிக்கக்கூடியது மிகக் கொஞ்சம். மண் ஒட்டியிருந்தால் வடிகட்டிய தூய நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, தேய்க்காமல் தானாகக் கரைய விடலாம். மலிவான பிவிசி உறைகளில் வைத்ததால் காசின் மேல் பச்சைப் பிசின் படிந்திருந்தால் தூய அசிட்டோனில் முக்கி எடுக்கலாம். அது உலோகத்தைத் தொடாது, பிசினை மட்டும் கரைக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் செய்யக்கூடாது. பச்சைப்பொடி நோய்க்கும் அரிய காசுக்கும் நிபுணர் உதவி வேண்டும். மற்றபடி கறுத்த காசு கறுத்தபடியே இருக்கட்டும்.

நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய பிறகு, லயத்து வீட்டைக் காலிசெய்து போன குடும்பங்களிடமிருந்து காசுகள் வெளிவரத் தொடங்கின. பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு எடுத்துப்போவதைத் தடுப்பதற்காகவாவது சேகரிப்பாளர் இந்தக் குறையுள்ள காசுகளில் அக்கறை காட்ட வேண்டும். அவை சந்தையில் பெறும் விலையைவிட அவை வந்த இடம் பெரியது. வாங்கும்போது விற்பவரிடம் உண்மையான உலோக விலையைச் சொல்லிவிட்டு வாங்குவது முதல் மரியாதை. அடுத்தது, எந்தத் தோட்டம், யார் அணிந்தது, எதற்காக முடிந்துவைத்தது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் காசோடு வைப்பது. விற்பவர் சொன்னது, காசில் பார்த்துத் தெரிந்துகொண்டது இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத துளைக்காசு கொஞ்சம் வெள்ளி மட்டுமே. மஞ்சள் துணியோடு கிடைத்தால் துணியையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும், ஆனால் காசைத் துணியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த காசு என்றால் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மரபு முக்கியத்துவம் உள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் விற்பவரிடமிருந்து புதையல் காசை வாங்குவது நல்லதல்ல.

வாங்கிய காசைக் காப்பதில் ரப்பர் தேசத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அந்தக் கந்தகம் மெல்ல வெளியேறி வெள்ளியைக் கறுக்கவைக்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்த வெள்ளிக் காசில் வளையம் பட்ட இடம் கறுங்கோடாகப் பதிந்துவிடும். அந்தக் கோட்டை எடுக்க முயன்றால் துலக்கியதாகிவிடும். ஆகவே ரப்பர் வளையமும் வேண்டாம், ரப்பர் விரிப்பு போட்ட இழுப்பறையும் வேண்டாம். பிவிசி அல்லாத மைலார் உறை ஒவ்வொரு காசுக்கும் தனியாக, எல்லாவற்றையும் இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்ற வேண்டும். காசை எடுக்கும்போது விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். விரல் வியர்வையிலுள்ள உப்பு, செம்பில் கைரேகையையே நிரந்தரமாகப் பதித்துவிடும்.